விறைத்து நின்ற கால்சட்டை

சொட்டச் சொட்ட நனைத்த கால்சட்டையைப் பிழியாமல் கொடியில் போட்டுவிட்டு டெல்மர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சைபருக்குக் கீழே முப்பது என்றால் இருபது நிமிடம் போதும். பாதி விறைத்ததும் எடுத்து, கால்களுக்குள் கைவிட்டு அகட்டி, பனியில் ஊன்றிப் பிடித்துக்கொள்கிறார். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே நிற்கும்; எங்கள் ஊர்க் குளிர்கால வேடிக்கை இது. தூரத்திலிருந்து பார்த்தால் இடுப்புக்கு மேலே இல்லாத ஒரு ஆள் யாருக்கோ காத்திருப்பது போல இருக்கும்.

"குளிர் எப்படி?" என்று கேட்டால், "ஒண்ணும் மோசமில்ல. கொசு இல்ல பாரு" என்பார். அமெரிக்காவின் வடக்கே, எங்கள் மினசோட்டாவில் எல்லோரும் சொல்வதுதான். அவர் சொன்னால் மட்டும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

முப்பத்தொரு வருடம் எங்கள் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டினார். நானும் அதில் போனவள்தான். இரவெல்லாம் ஒரே இடத்தில் உறைந்து நின்ற டயர்கள் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். முதல் ஒரு மைல் வண்டி தூக்கித் தூக்கிப் போடும். "குதிரை மிரளுது, கெட்டியாப் புடிச்சுக்குங்க!" என்று கத்துவார். மூக்குக்குள் முடி உறைந்துபோயிருக்க, வயிறு வலிக்கச் சிரிப்போம். அந்தக் காலைகளுக்காக இன்றும் ஏங்குகிறேன்.

அவர் வீட்டைத் தாண்டும்போது எல்லோரும் ஒரே பக்கச் சன்னலுக்குப் பாய்வோம். வாசல் விளக்கு வெளிச்சத்தில் கால்சட்டைகள் வரிசையாக நிற்கும். எல்லாவற்றிலும் ஜிப் திறந்தே இருக்கும். "மறந்துட்டேன்" என்பார். நம்பத்தான் ஆள் இல்லை. அவர் மனைவி மார்லிஸ் இரவு அங்கியோடு கதவைத் திறந்து, "யோவ், பிள்ளைங்க போற தெருய்யா இது! மொதல்ல அதை மூடு!" என்று கத்துவார். டெல்மர் ஹாரனை இரண்டு முறை அடித்துவிட்டுப் போய்விடுவார். ஒருநாளும் மூடியதில்லை.

நான் சமைக்கிற முதியோர் இல்லத்தில்தான் மார்லிஸ் இப்போது இருக்கிறார். மறதி நோய். அக்டோபரிலிருந்து பேச்சும் நின்றுவிட்டது. டெல்மரை யாரோ வழிப்போக்கரைப் போலப் பார்க்கிறார்.

"என்னை மறந்தா மறந்துட்டுப் போறா. திட்டுறதையும் மறந்துட்டாளே, அதான் தாங்கல பொண்ணே" என்றார் ஒருநாள், ஆறிப்போன சூப்பைக் கிளறிக்கொண்டே. இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அவளிடம் ஒரு திட்டாவது வாங்கிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. டிசம்பரிலிருந்து அவர் கொடியும் வாளியும் இல்லத்தின் பின்முற்றத்துக்கு வந்துவிட்டன. மார்லிஸின் சன்னலுக்கு நேரே ஐந்து கால்சட்டைகள் நின்று பார்த்துவிட்டன. மார்லிஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நேற்று ஆறாவது. நான் ஓட்ஸ் கஞ்சியோடு அறைக்குள் நின்றிருந்தேன். வெளியே டெல்மர், புருவமெல்லாம் வெள்ளை பூத்து, கால்சட்டைக்குப் பக்கத்தில் அதே மாதிரி காலை அகட்டி நின்றார். மார்லிஸ் கரண்டியைத் தள்ளிவிட்டு வெகுநேரம் வெளியே பார்த்தார். நெற்றி சுருங்கியது. சன்னல் கண்ணாடியை விரலால் இரண்டு முறை தட்டினார். பிறகு கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடித்து, மடியிலிருந்து இடுப்புவரை ஒரே இழுப்பாக மேலே இழுத்துக் காட்டினார்.

டெல்மர் கையுறைகளைக் கழற்றிப் பனியில் போட்டார். மண்டியிட்டு, வெறும் விரல்களால் அந்த உறைந்த ஜிப்பைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்.