படத்தில் இல்லாத தூண்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். திருப்பூரில் பனியனுக்கு அச்சு அடித்தேன். ஓசூரில் டைல்ஸ் ஒட்டினேன். இரண்டு வருடம் ஊர் ஊராகப் போய்ச் சுவர் விளம்பரம் எழுதினேன். எங்கும் நிலையாக இருந்ததில்லை. செஞ்சிக்கு வந்தது பெயிண்டிங் வேலைக்கு. தங்கிவிட்டது, வீட்டு முகப்புப் படம் போடக் கற்றுக்கொண்டதால். இங்கே அதை எலிவேஷன் என்பார்கள். அந்தப் படத்தைப் போனில் வைத்துப் பத்துப் பேரிடம் காட்டாமல் யாரும் கடைக்கால் தோண்டுவதில்லை.

பென்சிலால் முகப்பை வரைந்து, போட்டோ எடுத்து, ஏஐக்குக் கொடுப்பேன். அது வண்ணம், கண்ணாடி, வெயில், நிழல் எல்லாம் சேர்த்து நிஜ வீடு மாதிரி ஆக்கித் தரும். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஜெராக்ஸ் கடையில், கடைக்காரர் சாப்பிடப் போகும் நேரத்தில் அவருடைய கம்ப்யூட்டரில் பழகினேன். மதியச் சாப்பாடு எனக்குப் பெரும்பாலும் கிடையாது என்பதால் அந்த நேரம் தோதாக இருந்தது. கற்றுக்கொள்ள ஆறு மாதம் ஆனது. அதில் பாதி நாள், திரையில் இருந்த ஒரு சின்னக் குமிழை எங்கே நிறுத்துவது என்பதற்கே போனது. வலப்பக்கம் இழுத்தால் என் கோட்டை அப்படியே பின்பற்றும். படம் விறைப்பாக வரும். இடப்பக்கம் இழுத்தால் கோட்டை விட்டு விலகும். படத்துக்கு உயிர் வரும்.

சிங்கவரம் சாலையில் வீடு கட்டும் ஒரு பெண்ணுக்குப் படம் போட்டேன். கணவர் குவைத்தில். போர்டிகோவின் ஒரு மூலையில் தூண் வரைந்திருந்தேன். குமிழைச் சற்று இடப்பக்கம் தள்ளியதும் தூண் காணாமல் போனது. கூரை காற்றில் மிதப்பது போல் நின்றது. பார்த்தேன். பார்த்துத்தான் விட்டேன். அவ்வளவு அழகாக இருந்தது.

"இது நிக்குமாண்ணா?" என்று படத்தைப் பார்த்த அந்தப் பெண் கேட்டார்.

"கம்ப்யூட்டர் போட்டதும்மா" என்றேன். அது பதிலே இல்லை. அவருக்குப் போதுமானதாக இருந்தது.

சில மாதங்கள் கழித்து, கான்கிரீட் போடும் நாளில் டிபன் சாப்பிட வரச்சொன்னார். போனேன். மேல்தளத்துக்குப் பலகை அடித்து, கம்பி கட்டி முடித்திருந்தார்கள். கலவை மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. சும்மாடு வைத்த பெண்கள் வரிசையில் நின்றார்கள். போர்டிகோவுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். தூண் இருக்க வேண்டிய மூலையை நான்கு சவுக்குக் கம்புகள் தாங்கிக்கொண்டிருந்தன. பலகை பிரிக்கும் அன்று அவற்றையும் உருவிவிடுவார்கள். பிறகு அதன் கீழே ஆட்கள் நடப்பார்கள்.

இட்லித் தட்டைச் செங்கல் மேல் வைத்துவிட்டு மேஸ்திரியிடம் போனேன்.

"மேஸ்திரி, அந்த மூலைக்குத் தூணு வேணும்."

"வாய்யா இஞ்சினீரு. இப்பத்தான் தோணுச்சா? நான் மூணு தடவ சொன்னேன். அந்தம்மா போன எடுத்து உன் படத்தக் காட்டுது. படத்துல இல்லியாம். பீம்ல ரெண்டு கம்பி சேத்துக் கட்டியிருக்கேன்."

"அது போதுமா?"

"தெரிஞ்சா உங்கிட்ட பேசினு நிப்பனா?"

மிஷின் முதல் கலவையைக் கொட்டியது. சட்டிகள் நிரம்பத் தொடங்கின. அந்தப் பெண் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தார்.

"மிஷின நிறுத்தச் சொல்லும்மா" என்றேன்.

"இன்னாண்ணா, நல்ல நேரம் போவுது."

"நான் தூணு வரஞ்சிருந்தேன். கம்ப்யூட்டர் அத எடுத்துடுச்சு. பாத்தும் விட்டுட்டேன்."

"அது கணக்குப் போட்டுத்தான எடுத்திருக்கும்?"

"வெயிட்டு கணக்கெல்லாம் அதுக்குத் தெரியாது. பாக்க அழகா இருக்கறதப் போடும், அவ்ளோதான்."

என்னையே பார்த்தார். "அன்னிக்கே சொல்றதுக்கு உனக்கு இன்னா கேடு?" அதுவரை அவர் என்னை ஒருமையில் பேசியதில்லை. திரும்பி, மிஷினை நிறுத்தச் சொல்லிக் கத்தினார்.

மிஷின் நின்றதும் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். சட்டியை இறக்கி வைத்த ஒருத்தி, "ஆர்ட்டிஸ்ட்டு அண்ணனையே தூணா நிக்க வச்சிடுங்க. ஒல்லியா இருந்தாலும் சோறு கேக்காம நிப்பாரு" என்றாள். சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. "கலவ இறுகிடும். சீக்கிரம் சொல்லுங்க. போர்டிகோவ பலக வச்சுத் தடுத்துட்டு வீட்டுத் தளம் மட்டும் போடறேன். கம்பி நீட்டினு இருக்கட்டும். அப்புறம் குழி எடுத்துத் தூணு ஏத்திக்கலாம்."

அந்தப் பெண் குவைத்தில் இருந்த கணவருக்கு வீடியோ கால் போட்டார்.

"ரூம்ல எல்லாருக்கும் படத்தக் காமிச்சிட்டேன்டி. இப்ப வந்து தூணுன்னா? மேஸ்திரி பயப்படறான். நீ போடச் சொல்லு."

அந்தப் பெண் போனை என் கையில் திணித்தார். "நீயே சொல்லு."

பென்சில் கோடு, குமிழ், அவர் மனைவிக்கு நான் சொன்ன பதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். மிஷின் ஓடாததால் ஒவ்வொரு வார்த்தையும் தெரு வரை கேட்டது. மேஸ்திரி கலவையைக் கரணையால் கிளறினார்.

"சரி" என்றார் கணவர். "எவ்ளோ தடிமன்ல வரும் அந்தத் தூணு?"

எப்போதும் படத்தில் வரையும் ஒன்பதுக்கு ஒன்பது அங்குலம் என்று வாய் வரை வந்துவிட்டது. போனை மேஸ்திரியிடம் நீட்டினேன்.