மஞ்சள் பையில் வந்த பென்டிரைவ்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கச்சி வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வந்தவர் கோயில் இளைஞர் சங்கத்துக்காரர். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் ஒரு சின்ன மஞ்சள் துணிப்பையை நீட்டினார். பைக்குள் ஒரு கொத்து வேப்பிலை. அதோடு ஒரு பென்டிரைவ்.

வாசலில் நின்ற என் மச்சான் தவராசா — தங்கச்சியின் புருஷன் — கையை நீட்டவில்லை. பையைப் பார்த்தபடி நின்றான். பாம்பைக் கண்டவன் போல...

விசயத்தை முதலில் இருந்து சொல்கிறேன்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்திக்கு வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். 'வீட்டுக் கொம்பியூட்டரை வைரஸிலிருந்து காப்பாற்றுவது எப்படி? எங்களுக்கு விளங்கும்படி எளிமையாக எழுதுங்களேன்.' எளிமையாகவா? சரி, எழுதுகிறேன். வாசித்துவிட்டு என்னைத் திட்டக் கூடாது.

தங்கச்சி யோகேஸ்வரி — எங்களுக்கு யோகம் — வாழ்க்கைப்பட்டது படுவான்கரையில். வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலையையும் தாண்டி உள்ளே போக வேண்டும். ஊரின் பெயர் வேண்டாம். எழுதினால் இனி நான் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

அந்த ஊரில் ஒரு கண்ணகி அம்மன் கோயில். வருசம் முழுக்கக் கதவு பூட்டியே இருக்கும். வைகாசியில் சடங்கு. அந்தக் கிழமை மட்டும்தான் கதவு திறக்கும். அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்திப் பாட்டைப் பாடி முடித்துப் பூட்டினால் இனி அடுத்த வைகாசிதான். ஆகவே இளைஞர் சங்கம் சடங்கை வீடியோ எடுக்கும். அதைப் பென்டிரைவில் போட்டு, மஞ்சள் பையில் வைத்து, வீடு வீடாகக் கொண்டு போகும். டிவி உள்ள வீட்டில் டிவியில் பார்ப்பார்கள், கொம்பியூட்டர் உள்ள வீட்டில் கொம்பியூட்டரில். கற்பூரம் கொளுத்துவார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் மீன் இல்லை.

நல்ல வழக்கம்தான். நான் குறை சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

யோகத்துக்கு ஒரே பிள்ளை. தர்சிகா. என் மருமகள். கொரோனாக் காலத்தில் ஒன்லைன் வகுப்புக்கென்று தவராசா ஒரு கொம்பியூட்டர் வாங்கிக் கொடுத்தான். அவள் படித்ததோடு நிற்கவில்லை. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு சிக்னல் இல்லை. இருந்தவர்களுக்கு டேட்டா இல்லை. இவள் கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, அதை வீடியோவாகப் பதிந்து கொடுத்தாள். பின்னம், சதவீதம், கடிகாரக் கணக்கு... கூச்சமே இல்லாத குரல் அவளுக்கு. மாமன் நான், என்னையே அதட்டுவாள்.

பிறகு பல்கலைக்கழகம் போனாள். இரண்டாம் வருசம் படிக்கும்போது டெங்கு. அதற்கு மேல் எழுத எனக்கு முடியாது.

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை இருந்தால் அவளுக்கென்று சீதன வீடு கட்டத் தொடங்கிவிடுவோம். தர்சிகாவின் வீடு தங்கச்சி வீட்டு வளவுக்குள்ளேயே கூரை போட்டதோடு நின்றுவிட்டது. சுவர் பூசவில்லை. அந்த வீட்டு முன்னறையில்தான் கொம்பியூட்டர் இருக்கிறது.

யோகம் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். பிள்ளை போன பிறகு தினமும் சமையல் முடிந்ததும் அந்த அறைக்குப் போவாள். பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து கணக்குப் பாடத்தைப் போடுவாள். ஒரு நாள் நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"கீழ இரிக்கிற இலக்கம் ஒண்டா இருந்தாத்தான் கூட்டலாம். வேற வேறயா இருந்தா கூட்ட ஏலா. விளங்கினதா?"

கேட்டுவிட்டுத் தர்சிகா கொஞ்சம் நிறுத்துவாள். பிள்ளைகள் பதில் சொல்லட்டும் என்று. அந்த இடைவெளியில் உள்ளேயிருந்து என் தங்கச்சியின் குரல் வந்தது.

"விளங்கினது மகள்."

நான் உள்ளே போகாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அன்றைக்கே தவராசாவைப் பிடித்தேன். "மச்சான், அந்த வீடியோவெல்லாம் ஒரு கொப்பி எடுத்துத் தா. என்ட வீட்டில வெக்கிறன்."

"என்னத்துக்கு மச்சான்? அது D-யிலயும் இரிக்கு. புள்ள அப்பவே ரெண்டு இடத்திலயும் போட்டுத்தான் வெச்ச."

D-யில் இருக்கிறது! இலங்கையில் இந்த வசனத்தைக் கேட்காத வீடு உண்டா? C-யில் ஒன்று, D-யில் ஒன்று — பயமில்லையாம். ஐயா, C-யும் D-யும் ஒரே டிஸ்க். ஒரே வீட்டில் சாமியறையில் ஒரு மூட்டை, குசினியில் ஒரு மூட்டை நெல்லை வைத்துவிட்டு, வெள்ளம் வந்தால் ஒன்றாவது தப்பும் என்று நினைப்பீர்களா? இத்தனைக்கும் தவராசா வருசா வருசம் விதைநெல்லில் இரண்டு மூட்டையை மேட்டில் இருக்கும் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் வைப்பவன். நெல்லுக்குத் தெரிந்த விசயம் பிள்ளையின் குரலுக்குத் தெரியவில்லை.

நானும் விடவில்லை. அதற்கு அவன் சொன்ன பதில்தான் இன்னும் காதில் நிற்கிறது.

"கோவிக்காத மச்சான். புள்ளட குரல் இனி வீட்ட விட்டு வெளிய போகக்கூடா. ஒரு கை மாறினா மறு கை மாறும். நெட்டில போட்டிருவானுகள். இங்க நெட் லைனும் வெட்டியாச்சு. மறுகா எங்கால வைரஸ் வாற? நம்மட கொம்பியூட்டரில என்ன இரிக்கெண்டு ஆர் வரப்போறான்?"

பாருங்கள், ஒரே மூச்சில் எத்தனை பிழை! இன்டர்நெட் இல்லையென்றால் வைரஸ் வராது. நம்மிடம் களவெடுக்க ஒன்றும் இல்லை. பொருள் வெளியே போனால்தான் ஆபத்து. இது தவராசாவின் பிழை மட்டுமல்ல, நம் எல்லோருடைய பிழையும்தான். கேற்றில் எலுமிச்சங்காய் கட்டுவோம், மதிலில் போத்தல் ஓடு பதிப்போம், சைக்கிளுக்குச் சங்கிலி போடுவோம். வெளியே எது போகிறது என்று கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்ப்போம். உள்ளே எது வருகிறது என்று மட்டும் பார்க்க மாட்டோம். அதுவும் கும்பிட்டபடி வந்தால்?

போன வருச வைகாசி வந்தது. தர்சிகா போய் வருசம் திரும்பவில்லை. சாவு விழுந்த வீட்டுக்காரர் ஆண்டு முடியும்வரை சடங்குக்குப் போவதில்லை என்பது அந்த ஊர் முறை. கலியாணம் முடித்த நாளிலிருந்து யோகம் தவறவிட்ட முதல் சடங்கு அதுதான். குளிர்த்திப் பாட்டு லவுட்ஸ்பீக்கரில் கேட்க, வளவுக்குள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதிருக்கிறாள். தவராசாவுக்குப் பொறுக்கவில்லை. மஞ்சள் பை வந்ததும் இரண்டு கையாலும் வாங்கிவிட்டான். கோயிலுக்குப் போகத்தானே தடை, வீட்டில் இருந்து பார்க்கலாமே!

பென்டிரைவைச் செருகினான். கொம்பியூட்டர் கத்தியது. சிவப்புப் பெட்டி, இங்கிலீசில் ஏதோ எழுத்து. தர்சிகா போட்டுவைத்த அன்டிவைரஸ் அது. தவராசாவுக்கு இங்கிலீசு தெரியாது. வாசலில் நின்ற சங்கத்துக்காரரிடம் கேட்டான்.

"அது எல்லா வீட்டிலயும் கத்துது அண்ணன். ஓஃப் பண்ணிப்போட்டுப் பாருங்க," என்றாராம் அவர். உள்ளே வந்து, எங்கே அமத்துவது என்றும் காட்டினாராம்.

எல்லா வீட்டிலும் கத்துகிறது! அப்படியென்றால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்று ஒருவருக்குமா தோன்றவில்லை? தோன்றாது. அது அம்மனின் பென்டிரைவ். அம்மனை மறிக்கிற பெட்டிதான் பிழையானது.

தவராசா நிறுத்தினான். யோகம் தலை முழுகி வந்து, கற்பூரம் கொளுத்தி, கும்பிட்டுப் பார்த்தாள். பெண்சாதியின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது என்று பிறகு என்னிடம் சொன்னான். அதற்காகத்தான் அவன் எல்லாவற்றையும் செய்தான் என்பதை நான் எழுதியே ஆக வேண்டும்.

அடுத்த நாள் சமையல் முடித்துப் போய்க் கதிரையில் உட்கார்ந்தவளுக்குப் பாடம் திறக்கவில்லை. ஒன்றுமே திறக்கவில்லை. C-யிலும் இல்லை, D-யிலும் இல்லை. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் விளங்காத எழுத்துகள் வால்போல ஒட்டியிருந்தன. திரையில் ஓர் இங்கிலீசுக் கடிதம் — உன் பொருளைப் பூட்டிவிட்டேன், காசு அனுப்பினால் திறப்பேன் என்று.

'நம்மிடம் என்ன இருக்கிறது களவெடுக்க?' என்று கேட்பவர்களே, இதைக் கொஞ்சம் கேளுங்கள். எங்கோ இருக்கும் அந்தக் கள்ளனுக்குப் பின்னக் கணக்கு எதற்கு? அவனுக்கு அது தேவையே இல்லை. உங்களுக்குத் தேவையாக இருந்தால் போதும்.

அப்போதாவது தவராசா என்னைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கொம்பியூட்டரைப் படுக்கை விரிப்பில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் கட்டி, ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனான். கடைக்காரர் பார்த்தார். நம் நாட்டுக் கடைகளில் எல்லா வியாதிக்கும் ஒரே மருந்துதானே!

"போர்மட் அடிச்சாச் சரி. உள்ளுக்க ஏதும் வேணுமா?"

"வேணும். எல்லாம் D-யில இரிக்கு. D போதும்."

D-யிலும் வைரஸ். கடைக்காரர் திரும்பக் கேட்காமலே இரண்டையும் சேர்த்து அடித்தார். அந்தப் பூட்டுகளில் சிலதுக்குப் பிற்காலத்தில் சாவி வெளிவருவதுண்டு. பூட்டியபடியே வைத்திருந்தால் ஒரு நாள் திறந்திருக்கலாம். திறக்காமலும் போயிருக்கலாம். இனி அந்தப் பேச்சு எதற்கு? 'புதுசு மாதிரி ஓடும்' என்று சொல்லித்தான் கொடுத்தார். புதுசு மாதிரித்தான் ஓடியது. புதுசில் தர்சிகா இல்லை.

அன்று பின்னேரம் எனக்குப் போன் வந்தது. "மச்சான், D-யைத் திறந்து பாத்தன். புள்ளையக் காணல்ல."

நான் ஓடினேன். எனக்குத் தெரிந்த மென்பொருள்களையெல்லாம் போட்டுத் தோண்டினேன். ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த வீடியோக்களைப் பார்த்துப் படித்த பிள்ளைகளின் வீடுகளுக்கும் போனேன். போன் மாற்றிவிட்டார்கள். அல்லது இடம் காணாது என்று அழித்துவிட்டார்கள். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்?

இதற்குள் ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. துடக்கு வீட்டில், சாவுத்தீட்டுக் கழியாத வீட்டில், அம்மனை எடுத்தால் இப்படித்தான் நடக்குமாம். கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கரிடமே போய், பென்டிரைவில் வைரஸ் இருக்கிறது, அடுத்த வீட்டுக்குக் கொடுக்காதீர்கள் என்றேன். பொறுப்பான மனிதர். கோபத்தில் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"அம்மன்ட சாமானில நோயா? முறை தவறின வீட்டிலதான் நோய். போய் உங்கட தங்கச்சிக்கிட்டக் கேளுங்க."

தங்கச்சியும் அதையே நம்பிக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள்.

"துடக்கோட அம்மன உள்ளுக்க எடுத்திட்டன் அண்ணன். குரலாவது இருந்த. அதையும் அம்மன் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. என்ட பிழைதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் தலையில் இதையுமா கட்டுவது? உட்காரவைத்து விளங்கப்படுத்தினேன். இது அம்மன் இல்லை யோகம், வைரஸ். எவனோ ஒரு கள்ளன் செய்தது. பென்டிரைவ் வழியாக உள்ளே வந்தது. பின்னால் தவராசா நிற்பது எனக்குத் தெரியும். அவன் கண் என்னைக் கெஞ்சியதும் தெரியும். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டாள். "அப்ப புள்ள போட்டுவெச்ச காவல் ஒண்டு இருந்ததே அண்ணன்... அது மறிக்கல்லயா?"

தவராசாதான் சொன்னான்.

"மறிச்சது. நான்தான் நிப்பாட்டினன்."

யோகம் எழுந்து அவனிடம் போனாள். சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டாள்.

"நீங்க சும்மா இரிங்க. அது துடக்குத்தான். அண்ணனுக்குக் கொம்பியூட்டர் தெரியும். அம்மனத் தெரியா."

அவளுக்கு விளங்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்? நன்றாக விளங்கியது. விளங்கியதால்தான் பழியைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டாள். வீட்டில் மிஞ்சியிருந்தது அவன் ஒருவன்தானே.

இனி போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். அதே மஞ்சள் பை, அதே வேப்பிலை. ஆண்டு முடிந்துவிட்டதால் இந்த முறை யோகம் சடங்குக்கே போய் வந்துவிட்டாள். வீடியோ வேண்டியதே இல்லை. ஆனால் வாசலுக்கு வந்த அம்மனைத் திருப்பி அனுப்பலாமா?

நான் முன்னால் போய், "தாங்க தம்பி, முதல்ல என்ட லெப்டொப்பில செக் பண்ணிப் பாப்பம்," என்றேன். சங்கத்துக்காரரின் முகம் மாறியது.

"அம்மனச் செக் பண்ணப்போறீங்களா சேர்?"

போன வருசம் வேறு சில வீடுகளிலும் கொம்பியூட்டர் படுத்தது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஒருவரும் வெளியே சொல்லவில்லை. சொன்னால் அந்த வீட்டில் என்ன துடக்கு என்று ஊர் தேடத் தொடங்கிவிடும். வெட்கத்தைப் போல வைரஸுக்குப் பாதுகாப்பான இடம் வேறில்லை.

நாங்கள் வாய்ச்சண்டைக்கு ஆயத்தமாக நிற்கும்போது குசினியிலிருந்து யோகம் வந்தாள். ஈரக் கையைத் துடைத்தாள். பையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினாள்.

"யோகம், வேணாம்," என்றான் தவராசா.

"என்னத்துக்குப் பயப்படுறீங்க? போடுங்க," என்றாள். "நம்மட கொம்பியூட்டரில இனி என்ன இரிக்கு?"

அவளே போய்ச் செருகினாள். இந்த முறை ஒன்றும் கத்தவில்லை. போர்மட் அடித்த கடைக்காரர் திரும்ப அன்டிவைரஸ் போடவில்லை. கற்பூரம் எரிந்தது. திரையில் அம்மனின் கதவு திறந்தது. நான் வெளியே வந்து, பூசாத சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வைரஸிலிருந்து காப்பாற்றுவது எப்படி என்று கேட்ட வாசகரே... அந்த ஊரில் இப்போது வைரஸ் பயமே இல்லாத கொம்பியூட்டர் ஒன்றே ஒன்றுதான். அது என் தங்கச்சி வீட்டில் இருக்கிறது.