பதினாறாம் வாய்ப்பாட்டின் ஏழாவது வரி

தேதி என்னிடம் இல்லை. நாட்குறிப்பு எழுதத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கிழமை மட்டும் நிச்சயம்: செவ்வாய்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஆவடியில் எங்கள் பகுதி அரசுத் தொடக்கப் பள்ளிகளை ஒப்பிட்டு ஓர் அதிகாரி வரிசைப்படுத்துவார். சித்தி வேலை பார்த்த ஏரிக்கரைப் பள்ளி முந்தைய ஆண்டு கடைசி. மறுபடியும் கடைசி என்றால் பள்ளியை வேறொன்றோடு சேர்த்துவிட்டு, சித்தியை எங்கோ தூரத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று வீட்டில் பேச்சு.

அதனால் அதிகாரி வரும் நாளில் சித்தி என்னைக் கடன் வாங்கிப் போனார். சீருடை எல்லா அரசுப் பள்ளிக்கும் ஒன்றுதான். "யார்னா கேட்டா இங்கதான் படிக்கிறேன்னு சொல்லு" என்று வழியில் மூன்று முறை சொன்னார்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னா, புதுசா கீறே? டீச்சர் ஊட்டுப் பொண்ணா?"

நான் வாய் திறப்பதற்குள் அதிகாரி என்னை எழுப்பிப் பதினாறாம் வாய்ப்பாடு கேட்டார். ஆறு வரை பிசகில்லை. ஏழாவது வரியில் நூற்றிருபத்திரண்டு என்று உளறிவிட்டு, மிச்சத்தைச் சரியாக முடித்தேன்.

வியாழக்கிழமை அவர் என் சொந்தப் பள்ளிக்கு வந்தார். நான் பயப்படவில்லை. செவ்வாயன்று இரட்டைச் சடை, இன்று ஒற்றைச் சடை. என்னை எழுப்பி அதே வாய்ப்பாட்டைக் கேட்டார். சரியான விடை நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் இங்கே மட்டும் சரியாகச் சொன்னால் அது சித்தி பள்ளிக்குச் செய்யும் ஓரவஞ்சனை அல்லவா? நியாயம் கருதி, அதே இடத்தில் அதே நூற்றிருபத்திரண்டைச் சொன்னேன்.

அவர் என் அருகில் வந்து குனிந்தார். "முந்தாநேத்தும் இதே ஏழுலதானேம்மா சறுக்குனே? யாரு கூட்டிட்டுப் போனது?"

சித்தி என்றேன்.

"உங்க சித்திகிட்ட சொல்லு. அடுத்த மாசம் அவங்க ஸ்கூலுக்கு மறுபடி வருவேன், அதுக்கப்புறம்தான் மார்க் போடுவேன். உன்னைக் கேக்கமாட்டேன். பக்கத்துல உக்காந்திருந்தானே ஒருத்தன், அவனைக் கேப்பேன்."

அன்று மாலை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்த சித்தியின் கை நின்றது. பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மறுநாள் முதல் ஏழரை மணிக்கே கிளம்பி, அந்தப் பையனில் தொடங்கி எல்லோருக்கும் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார்.

ஒரே ஒரு வரியில் தவறியதற்காக என்னைக் கழற்றிவிட்டார்களே என்று எனக்கு ஆறவில்லை. பதினாறாம் வாய்ப்பாட்டை முழுவதும் எழுதி, நூற்றுப்பன்னிரண்டின் கீழ் சிவப்பில் இரட்டைக் கோடு போட்டு, சித்தியின் கைப்பையில் வைத்தேன்.