றவூப் நானாவின் அரம்

“இதுக்கு அளவெடுத்தவனுக்குக் கண் இருந்திச்சா, இல்ல கண்ண வீட்ட வெச்சிட்டு வந்தானா?”

ஓட்டமாவடி றவூப் நானா இதைச் சொல்லாமல் எந்தப் புதுச் சாமானின் பெட்டியையும் பிரித்ததில்லை. முதலில் மூக்கை உறிஞ்சுவார். பிறகு சாமானைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிப்பார், எட்டப் பிடிப்பார். அதற்குப் பிறகுதான் வசனம். அவருடைய கார் கராஜுக்கு முன்னால் இருக்கிற தேத்தண்ணிக் கடையில் எல்லாரும் அவரைப் போலப் பேசிக் காட்டுவார்கள். ஆனால் அவருடைய மனைவி பரீனாவை யாரும் வெல்ல முடியாது. மீன் கழுவிக்கொண்டே மூக்கை உறிஞ்சி, “இந்த மீனுக்கு அளவெடுத்தவனுக்குக் கண் இருந்திச்சா?” என்று அவர் குரலிலேயே கேட்பார்.

நானா சிரிக்க மாட்டார். “மீன் நல்லாத்தான் இரிக்கி. அறுத்த ஆள்தான் பிழை” என்பார்.

வசனம் முடிந்ததும் கை தானாகச் சுவரில் தொங்கும் அரத்துக்குப் போகும். இறுகினால் அராவுவார், இடித்தாலும் அராவுவார். அந்தக் காலத்துக் கார்களுக்கு இந்தக் காலத்தில் யாரோ எங்கோ செய்து அனுப்புகிற சாமான் எதுவும் நேராக வந்து உட்காருவதில்லை. வாழைச்சேனையிலிருந்து குருக்கள்மடம் வரை கலியாணத்துக்கு ஓடுகிற பழைய கார்களில் பாதி, அவர் அராவிய சாமான்களோடுதான் ஓடின. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கிரான் வினாயகமூர்த்தியின் வெள்ளை ஒஸ்டின் காருக்கும் அப்படித்தான் செய்தார். எஞ்சினுக்குள் சுற்றுகிற கிராங்கைத் தாங்கும் பெயாரிங் தகடுகள் தேய்ந்துபோக, வெளிநாட்டிலிருந்து புதுசு வந்தது. தகட்டின் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அது எஞ்சினில் உள்ள பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். இந்த நாக்கோ பள்ளத்துக்குப் பக்கத்தில் போய் முட்டி நின்றது. நானா மூக்கை உறிஞ்சினார், வசனத்தைச் சொன்னார், நாக்கை அராவி எடுத்தார். தகடு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

கொஞ்ச நாள் ஒரு குறையும் இல்லை. பிறகு எஞ்சின் சூடேறினால் ஒயில் அழுத்தம் காட்டும் முள் கீழே சரியத் தொடங்கியது. முள்ளில்தான் பிழை என்று முள்ளை மாற்றினார். புது முள்ளும் சரிந்தது. ஒயில் பம்பைக் கழற்றிக் கழுவிப் பூட்டினார். வடிகட்டியை மாற்றினார். காலையில் நிமிர்ந்து நிற்கிற முள், கார் கிரானுக்குப் போய்ச் சேர முன்னம் படுத்துவிடும்.

“ஆள் பாய் தேடுது நானா” என்றார் வினாயகமூர்த்தி.

“உன்ட ஓட்டத்துக்கு ஆருக்கும் மயக்கம் வரும்.”

இருவரும் சிரித்தார்கள். அந்தத் தகடுகளை மட்டும் நானா திரும்பத் திறந்து பார்க்கவில்லை. தான் பூட்டியதைத் தானே சந்தேகிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

மாரி தொடங்கிய கிழமை, வினாயகமூர்த்தி மத்தியானம் காரோடு வந்து நின்றார். மகள் கஜானி வாகரையில் ஆசிரியை. எட்டு மாதக் கர்ப்பிணி. பனிச்சங்கேணியில் வெள்ளம் றோட்டுக்கு ஏற முன்னம் அவளை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

“நல்ல ஒயிலா ஊத்துங்க நானா. வரக்குள்ள புள்ள இரிப்பாள்.”

பழைய ஒயிலைச் சட்டியில் வடித்து, புது ஒயில் ஊற்றி அனுப்பிவிட்டு, நானா லுஹர் தொழப் போனார். வந்து பழைய ஒயிலைக் கலனில் ஊற்றும்போதுதான் சட்டியின் அடியைக் கண்டார். கறுப்புக்குள் வெள்ளி மினுங்கியது. விரலால் தொட்டுத் தேய்த்தார். மினுக்கம் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. தகடு தேய்ந்த தூள்.

தேத்தண்ணியோடு வந்த பரீனா, “என்ன, சட்டிக்குள்ள மொகம் பார்க்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டு மூக்கை உறிஞ்சத் தொடங்கினார். அவர் முகத்தைக் கண்டதும் பாதியில் நிறுத்தினார்.

நாக்கு பள்ளத்தில் இருந்தால் தகடு அசையாது. நாக்கு இல்லாத தகட்டைக் கிராங்க் கொஞ்சங் கொஞ்சமாகத் தன்னோடு இழுத்துக்கொண்டு திரும்பும். அப்போது தகட்டின் ஒயில் துளை எஞ்சினின் துளையை விட்டு விலகிவிடும். அதன்பிறகு எந்த ஒயில் ஊற்றினாலும் அங்கே போகாது. இரும்பை இரும்பு தின்னும். ஏதோ ஒரு இடத்தில் எஞ்சின் இறுகும். ஓடுகிற ஓட்டத்தில் பின் சில்லுகளும் இறுகும். அந்த நேரம் கார் எங்கே நிற்கும், எதற்குள் போய் விழும் என்று யாருக்கும் தெரியாது.

போன் அடித்தார். எடுக்கவில்லை. ஓடும்போது போன் எடுக்கப்படாது என்று வினாயகமூர்த்திக்குப் படிப்பித்தவரே அவர்தான்.

மோட்டார் சைக்கிளை எடுத்தார். மாங்கேணி தாண்ட காற்று நின்றது. பொழுதுபட நேரமிருந்தும் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மீன்பிடிக்காரர் தோணிகளை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். பனிச்சங்கேணிப் பாலத்துக்குக் கிட்டப் போக, இரண்டு பக்கமும் களப்புத் தண்ணீர் றோட்டின் விளிம்பை நக்கியது. கார் கண்ணில் பட முன்னமே சத்தம் தண்ணீர் மேலே வந்தது. டொக்... டொக்... டொக். பூட்டின வீட்டுக்குள் இருந்து யாரோ கதவைத் தட்டுவது போல.

பாலத்தைக் கடந்து, சைக்கிளை றோட்டுக்குக் குறுக்கே விட்டு, வாகரைப் பக்கமிருந்து பாலத்தில் ஏறப்போன காரை மறித்தார்.

“நிப்பாட்டு எஞ்சின.”

“நிப்பாட்டினா திரும்ப ஸ்டார்ட் வராது நானா. மெல்லமாப் போறன். பாலம் தாண்டிப் பார்ப்பம்.”

“பாலத்தில இறுகினா தண்ணிக்குள்ளதான் பார்க்கணும்.”

பின் சீற்றில் கஜானி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். “மாமா, வாகரையிலிருந்தே இந்தச் சத்தம்தான். அப்பாட்ட சொன்னா றேடியோவ கூட்டி வைக்கிறார்.”

நானா கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினார். சத்தம் நின்றது. சூடான இரும்பு மட்டும் உள்ளே எங்கோ முனகியது. தூறல் விழத் தொடங்கியது.

வாகரைப் பக்கமிருந்து வந்த மீன் லொறியைக் கை காட்டி மறித்து, கஜானியை முன் சீற்றில் ஏற்றினார்கள். தண்ணீர் இப்போது காரின் முன் சில்லுக்குக் கிட்ட வந்திருந்தது. லொறியில் ஒரு காலை வைத்த வினாயகமூர்த்தி, வெள்ளை ஒஸ்டினைத் திரும்பிப் பார்த்தார்.

“ராவைக்கு இது தண்ணிக்குள்ள போயிரும். நீங்க பூட்டின எஞ்சின்தானே நானா. இந்தப் பாலம் தாண்டவும் உங்களுக்கு அதில நம்பிக்கை இல்லையா?”

“நான் பூட்டினதெண்டபடியாத்தான் நிப்பாட்டினன். தகட்டுர நாக்க அராவினது இந்தக் கைதான். வேற ஆள் பூட்டியிருந்தா, ‘ஒண்டுமில்ல, மெல்லமாப் போ’ எண்டு சொல்லிப்போட்டு வீட்ட இருந்து தேத்தண்ணி குடிச்சிருப்பன்.”