நடுகல்லில் ஒட்டிய பூ

கரியாலூருக்கு மேலே ஒரு மலையூர். அங்கே ஊரார் சாமியாகக் கும்பிடும் நடுகல்லின் முகத்தில் கறுப்பு மை வழிந்துகொண்டிருந்தது. வழியவிட்டவள் பாயிஸா.

சங்கராபுரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சர்புதீனின் மகள். உதவித்தொகையில் முதுகலை வரலாறு படிக்கிறாள். ஊர்க்கதையை ஊராருக்கே சொல்வதுதான் தன் தொழில் என்று முடிவு செய்தவள். படிப்பின் பகுதியாக இந்தக் கல்லின் கதையை இந்த ஊரிலேயே பலகையாக வைக்க வேண்டும்; அதற்கு ஊரின் சம்மதக் கடிதம் வேண்டும். கடிதம் இல்லையென்றால் அடுத்த ஆண்டு உதவித்தொகை இல்லை. படிப்பும் அதோடு சரி.

கல்லெழுத்தைப் படியெடுக்க ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்து, மேலே மை ஒற்றுவார்கள். எழுத்தை மட்டும் எடுக்கத்தான் ஊர்த்தலைவர் செல்லமுத்து சம்மதித்திருந்தார். உருவமும் இருந்தால் பலகைக்கு அழகென்று பாயிஸா தாளை மேலே ஏற்றினாள். மூக்கருகே தாள் கிழிந்து மை கல்லில் இறங்கியது.

அரை மணி நேரத்தில் முப்பது பேர் கூடினார்கள். யாரும் கத்தவில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. ஒருவர் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்தார். அது மலையிறங்கி என்ன தலைப்போடு சுற்றுமோ என்று நினைத்தாள். பெயர் கேட்டுவிடுவார்களோ என்றும் பயந்தாள். பெயர் அவர்களுக்கு முதல் நாளே தெரியும்.

“சாமிக்குக் கண்ணாலமா, இன்னா? மையெல்லாம் வச்சிக்கினு இருக்க” என்றாள் கூட்டத்திலிருந்த பெரியநாயகி. இரண்டு பேர் சிரித்தார்கள். செல்லமுத்து சிரிக்கவில்லை. சாமியையே கேட்டுவிடலாம் என்று கல்லின் இரு தோள்களிலும் பூ வைத்தார். வலப்பூ முதலில் விழுந்தால் கடிதம். இடப்பூ விழுந்தால் அவள் கிளம்ப வேண்டியதுதான்.

எந்தப் பூவும் விழவில்லை. கால் மணி நேரம் போனது. சாமிக்குக் கோபம் ஜாஸ்தி என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பாயிஸாவுக்குக் காரணம் தெரிந்தது. அவள் ஒட்டிய தாளின் ஈரம் கல்லில் இன்னும் இருந்தது. இடப்பக்கம் மர நிழல். வலப்பக்கம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் அப்படி வாங்கிய கடிதத்தை வைத்துக்கொண்டு இந்த ஊரில் எதை எழுதி நிறுத்துவது?

“ஐயா, கல்லு ஈரமா இருக்குதுங்க. பூ ஒட்டிக்கினு இருக்குது. வெயில் பக்கம் மொதல்ல காயும். அது எனக்கு சாதகமா வுழுந்துடும்.”

செல்லமுத்து ஒட்டியிருந்த பூக்களை எடுத்தார். பிறகு துண்டால் கல்லை அழுத்தித் துடைத்து, புதுப் பூ வைத்தார்.

இடப்பூ விழுந்தது.

அவள் தூரிகைகளைப் பைக்குள் போட்டாள். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதே மனம் முழுக்க ஓடியது. அப்போது பெரியநாயகி கேட்டாள்: “போறதுதான் போற. இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சுட்டுப் போயேன்.”

செல்லமுத்து தடுக்கவில்லை. பாயிஸா கல்லின் முன் குந்தி, ஒவ்வொரு எழுத்தாக விரல் படாமல் காட்டிப் படித்தாள். மாடுகளைக் காக்கப் புலியோடு மோதிச் செத்தவன்; பெயர் சாத்தன். பின்னால் நின்றவர்கள் அந்தப் பெயரை மறுபடி சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். கடிதமில்லாமல் பேருந்துக்கு நடந்தாள்.