ஃபிரிட்ஜின் இரண்டாம் தட்டு

இதை எழுத ஆறு வருடம் தயங்கினேன். ஜெபமாலை சொல்லிவிட்டு எழுதலாம் என்று நினைப்பேன். ஜெபமாலை முடிந்ததும் சமையல் வேலை வந்துவிடும். நான் பத்தாவதோடு நின்றவள்தான். ஆனால் தயங்கியது அதனால் அல்ல, பயத்தால்.

துபாயில், சத்வாவில் நாங்கள் இருந்தது ஒரு பழைய வில்லா. மூன்று குடித்தனம், ஒரே சமையலறை, ஒரே ஃபிரிட்ஜ். ஆளுக்கு ஒரு தட்டு. இரண்டாம் தட்டு எங்களுடையது. கடைசி அறையில் எங்கள் கடற்கரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தாள். அவளுக்குத் தட்டு கிடையாது.

ஒரு இத்தாலிக்காரி வீட்டில் வேலை பார்த்தவள். அந்தக் குடும்பம் நாட்டை விட்டுப் போனதும் இவள் விசா ரத்தானது. சனிக்கிழமைக்குள் வேறு விசா கிடைக்காவிட்டால் ஊருக்கு, புருஷனிடம், திரும்ப வேண்டும். அவன் முன்பு ஒரு தடவை ஒடித்த இடது கை அவளுக்கு இன்னும் முழுதாக மடங்காது.

கேக் கடை வைத்திருந்த ஒரு மலையாளி அவளிடம், வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஒரு ட்ரே இனிப்பு செய்து கொண்டு வா, நன்றாக இருந்தால் வேலையும் விசாவும் தருகிறேன் என்றிருந்தார். அவள் எலுமிச்சைத் திராமிசு என்கிற இத்தாலி இனிப்பைச் செய்வதாகச் சொன்னாள். அடுப்பே வேண்டாம். சர்க்கரை கரைத்த எலுமிச்சைச் சாற்றில் பிஸ்கட்டை ஒரு முங்கு முக்கி அடுக்க வேண்டும். எலுமிச்சைத் தோலைத் துருவிப் போட்டு அடித்த கிரீமும் சீஸும் மேலே. பிறகு ஆறு மணி நேரம் ஃபிரிட்ஜில் இறுக வேண்டும், அவ்வளவுதான்.

முந்தின வாரம் ஒரு கிண்ணம் செய்து எங்களுக்குத் தந்தாள். என் வீட்டுக்காரர் கிண்ணத்தை விரலால் வழித்தார்.

“நீயும் இருக்கியே, இருபது வருசமா அதே மீன் கொழம்பு” என்றார் என்னைப் பார்த்து.

அவள் சிரித்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ட்ரேயோடு வந்தாள். “எக்கா, ஒங்க தட்டுல எடம் தருவியளா? மூணரைக்கு எடுத்துருவேன்.”

“வெச்சிக்க மக்களே.”

அவள் பூசைக்கும் அது முடிந்து அங்கேயே ஜெபக் கூட்டத்துக்கும் போனாள், திரும்ப மூன்றரை ஆகும். நான் காலைப் பூசையில் நற்கருணை வாங்கி வந்திருந்தேன். பத்து மணிக்கு அந்த ட்ரேயை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தேன். அதன் இடத்தில் மசாலா தடவிய வாவல் மீனை வைத்தேன். ஜூலை மாதம், சமையலறையில் ஏசி கிடையாது. பக்கத்திலேயே நின்று சோறு வடித்தேன். மூன்று மணிக்கு மீனை எடுத்துவிட்டு ட்ரேயைத் திரும்ப உள்ளே வைத்தேன்.

அவள் வந்து மூடியைத் திறந்தாள். மஞ்சள் தண்ணீரில் பிஸ்கட் மிதந்தது.

“நா எங்க தப்பு பண்ணினேன் எக்கா?”

“பாலும் புளிப்பும் எங்கட்டி சேரும்? அதுக்கெல்லாம் கைப்பழக்கம் வேணும்.”

இன்னொன்று செய்ய நேரமில்லை. அதையே கொண்டு போனாள். ஐந்தரைக்குத் திரும்பினாள். “பாயசம் கொண்டாந்தியான்னு கேட்டு எல்லாரும் சிரிச்சாவ” என்று என் மடியில் விழுந்தாள். அவள் தலையில் கை வைத்து, ஆண்டவரே இவளுக்குப் பொறுமையைக் கொடும் என்று சத்தமாக ஜெபித்தேன். நன்றாகவே ஜெபித்தேன்.

சனிக்கிழமை போகும்போது செய்முறையைத் தாளில் எழுதித் தந்தாள். “எனக்குக் கை வராது எக்கா, ஒங்களுக்கு வரும்.”

வந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் செய்கிறேன், ஒரு தடவையும் இளகியதில்லை. வீட்டுக்காரர் இன்றும் கிண்ணத்தை வழிக்கிறார்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். அவளிடம் போய்ச் சொல் என்றார் சாமியார். ஃபோனில் பேசிப் பதிவு செய்வேன், அனுப்பாமல் அழித்துவிடுவேன்.

போன வருடம் ஊரிலிருந்து வந்த ஒருத்தி சொன்னாள். அந்தப் பெண் அங்கே ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொல்கிறாளாம். துபாயில் ஒரு அக்கா தன் தட்டில் இடம் தந்தாள், நான் தோற்றபோது எனக்காக ஜெபித்தாள் என்று. பேசும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்வாளாம். முன்பல் இரண்டு இல்லையாம்.

அந்தச் சாட்சி ஊரில் பரவிக்கொண்டிருக்கிறது. படிக்கிறவர்கள் இதையும் அவள் காது வரைக்கும் சொல்லிக்கொண்டு போங்கள். நான் அழுதேன் என்று சேர்க்க வேண்டாம், அழவில்லை. மீன் கெட்டுவிடும் என்றுதான் ட்ரேயை வெளியே எடுத்தாள் என்று யாரும் இரக்கப்பட்டு மாற்றவும் வேண்டாம். ட்ரேக்கு மேலேயே மீன் வைக்கிற அளவு இடம் இருந்தது.