அரை விரல் குதிகால்

பெரிய அண்ணி யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பாள். ஷூ பட்டறையில் சாணைச் சக்கரத்தில் அடிப்பாகம் தேய்ப்பது அவள் வேலை. பதினாறு வருஷம் ஆகிவிட்டது. நான்கு வருஷமாக அவள் கண்ணை உறுத்தியது ஒரே ஒரு ஜோடிக் கால்: சின்ன அண்ணி மகள் நெட்டையின் கால்.

நான் இருவருக்கும் நாத்தனார். மாடியில் ஒருத்தி, கீழே ஒருத்தி, நடுவில் நான். வீட்டில் வேடிக்கைக்குப் பஞ்சமே இல்லை.

பெரிய அண்ணி மகள் சிட்டுவுக்கும் நெட்டைக்கும் ஒரே வயது, பன்னிரண்டு. ஒரே பள்ளி, ஒரே நானூறு மீட்டர் ஓட்டம். நெட்டை முதலில் வருவாள், சிட்டு இரண்டடி பின்னால் வருவாள். கோப்பையைச் சின்ன அண்ணி மாடிப்படி திரும்பும் இடத்தில் வைத்தாள், போகிறவர் வருகிறவர் கண்ணில் படட்டும் என்று. பெரிய அண்ணிக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"ஷூ கனம். அதான் பின்தங்கறா" என்று அவளே முடிவு கட்டினாள். ஒருநாள் மதியம் சிட்டுவின் ஷூவைச் சாணையில் கொடுத்து, குதிகாலில் அரை விரல் தடிமனைத் தேய்த்துவிட்டாள். "யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். நானும் விடவில்லை. சின்ன அண்ணி முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க எனக்கும் ஆசைதான்.

அடுத்த போட்டியில் சிட்டு முதலில் வந்தாள். பெரிய அண்ணிக்குத் தரையில் கால் பாவவில்லை. கோப்பையை அதே படி திருப்பத்தில், நெட்டையின் கோப்பைகளுக்கு முன்னால் வைத்தாள்.

மூன்றே வாரத்தில் சிட்டு குதிகால் ஊன்றாமல் முன்பாதத்தால் நடக்க ஆரம்பித்தாள். "குதிகால் வலிக்குதும்மா." "நெட்டைக்கு வலிக்கலையே, உனக்கு மட்டும் என்ன?" என்று பெரிய அண்ணி மைதானத்துக்கு விரட்டினாள். ஒருநாள் சிட்டு அழுதுகொண்டே நொண்டி வந்ததும்தான் அவளுக்குப் பயம் பிடித்தது.

டாக்டர் குதிகாலை இரு பக்கமும் சேர்த்து அழுத்தினார். சிட்டு துள்ளினாள்.

"வளர்ற வயசு. எலும்பு வளர்ற இடத்தைத் தசை பிடிச்சு இழுக்குது. ஓடியாடற பிள்ளைங்களுக்கு வர்றதுதான், சரியாயிடும். கொஞ்ச நாள் ஓட்டம் வேண்டாம்." ஷூவைத் திருப்பிப் பார்த்தார். "குதிகால் இவ்வளவு தாழ்வா இருந்தா இழுப்பு இன்னும் அதிகமாகும். கொஞ்சம் உயரம் வேணும்."

பெரிய அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சின்ன அண்ணி இரண்டு ரப்பர் மெத்தைகளோடு இறங்கி வந்தாள். "இதைக் குதிகாலுக்கு அடியில வைங்கக்கா. போன வருஷம் நெட்டைக்கும் இதே வலி. ரெண்டு மாசம் ஓடல."

"பரீட்சைக்குப் படிக்கிறான்னு சொன்னியே?"

"உண்மையைச் சொன்னா நீங்க சந்தோஷப்படுவீங்கன்னுதான் சொல்லல."

பெரிய அண்ணி மெத்தைகளைக் கையில் வாங்கிக்கொண்டாள். "பட்டிருப்பேன்" என்றாள். பிறகு எங்கள் எல்லார் முன்னாலும், குதிகாலைத் தேய்த்தது தான்தான் என்று போட்டு உடைத்தாள்.

சிட்டு அம்மாவையே பார்த்தாள். "அப்போ அன்னைக்கு ஜெயிச்சது நான் இல்லையாம்மா?"

"ஜெயிச்சது நீதான்டி. வலிச்சதுதான் என்னால." பெரிய அண்ணி மெத்தைகளைச் சிட்டுவின் ஷூவுக்குள் வைத்தாள். தெரிந்தும் மூடி வைத்த எனக்கும் வெட்கமாக இருந்தது.

மறுநாள் பெரிய அண்ணி சிட்டுவின் ஷூவுக்குக் குதிகால் உயர்த்தப் பட்டறைக்குப் போகும்போது நெட்டையின் ஷூவையும் கேட்டாள். சின்ன அண்ணி தயங்கித்தான் கொடுத்தாள். மாலையில் ஷூ திரும்பி வந்ததும் மாடிக்குப் போய், கதவைப் பாதி சாத்திக்கொண்டு, ஸ்கேல் வைத்து இரண்டு குதிகாலையும் அளந்தாள். பிறகு இறங்கி வந்து சிட்டுவின் ஷூவையும் கேட்டு வாங்கி அளந்தாள்.

இரண்டு ஜோடியும் ஒரே உயரம்.